பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறீங்களா? டெபாசிட் போடும் முன் கேட்க வேண்டியவை

இணையத்தில் பத்துப் படம் பார்த்தாச்சு. சிவப்பு நிறம், இரண்டு கதவு, ஆறு கியர் மேனுவல். விலையும் "பரவாயில்லையே" என்று சொல்ல வைக்கிறது. சனிக்கிழமை உபி பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று நண்பரையும் கூப்பிட்டாச்சு.

அங்கே டீலர் சொல்வது அநேகமாக இப்படி இருக்கும்: "ப்ரோ, சாயங்காலம் இன்னொருத்தர் பார்க்க வர்றார். இப்பவே டெபாசிட் போட்டா உங்களுக்கு நிறுத்தி வைக்கிறேன்."

அவசரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. டெபாசிட் கைமாறிய பிறகு நீங்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பலம் குறைவு. அதனால் கேட்க வேண்டியதை எல்லாம் அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

விலைச்சீட்டில் இருப்பது உண்மையான விலையா?

சிங்கப்பூரில் கார் வாங்குவது என்பது மிச்சமிருக்கும் காலத்தை வாங்குவது. புதிய காருக்கு வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, 10 ஆண்டுக்குத்தான் செல்லும். பழைய காரில் அதில் எவ்வளவு மிச்சம் என்பதே முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, காரைப் பதிவிலிருந்து நீக்கும்போது எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்பது. 10 ஆண்டு முடிவதற்குள் நீக்கினால், காரைப் பதியும்போது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்ப வரும். அதைத்தான் எல்லாரும் "பார்ஃப்" என்கிறார்கள்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக மட்டும்.

2020இல் பதிவான ஒரு கூப்பே. பொதுச் சந்தை மதிப்பு (ஓஎம்வி) 30,000 வெள்ளி. முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 10,000 வெள்ளிக்கு 140 விழுக்காடு என்று பார்த்தால் அதற்குக் கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணம் 34,000 வெள்ளி. பத்தாம் ஆண்டில் நீக்கினால் அதில் பாதி, 17,000 வெள்ளி, திரும்ப வரும். காரின் விலை 89,000 வெள்ளி, சிஓஇ மிச்சம் நாலரை ஆண்டு. 89,000இலிருந்து 17,000ஐக் கழித்து நாலரையால் வகுத்தால் ஆண்டுக்கு 16,000 வெள்ளி.

பக்கத்தில் இன்னொரு கார். விலை 70,000 வெள்ளிதான். ஆனால் அது சிஓஇ புதுப்பிக்கப்பட்ட கார். மிச்சம் மூன்றரை ஆண்டு, பார்ஃப் கிடையாது. வகுத்துப் பாருங்கள்: ஆண்டுக்கு 20,000 வெள்ளி. மலிவாகத் தெரிந்ததுதான் அதிக விலை!

பார்ஃப் விதிகள் கார் பதிவான தேதியைப் பொறுத்து மாறும். உதாரணத்துக்கு, 2023 பிப்ரவரியில் இரண்டாம் சிஓஇ ஏலம் தொட்டு அதற்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு வந்தது. விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களைத்தான் அது நன்றாகக் கடிக்கும். டீலர் வாயால் சொல்லும் தொகையை நம்பி உட்கார வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் அந்தக் காரின் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பதிவுத் தேதி, ஓஎம்வி, எத்தனை முறை கைமாறியது எல்லாம் தெரிந்துவிடும்.

சிஓஇ புதுப்பித்த கார் என்றால் எத்தனை ஆண்டுக்குப் புதுப்பித்தார்கள் என்று கேளுங்கள். ஹோண்டா சிவிக் டைப் ஆர் எஃப்டி2 ரசிகர்களுக்கு இது முக்கியம். 2007இல் அறிமுகமான மாடல் அது. இன்று சந்தைக்கு வருவதெல்லாம் புதுப்பித்த கார்கள். 5 ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தால் மறுபடி புதுப்பிக்கவே முடியாது. தவணை முடிந்ததும் பதிவிலிருந்து நீக்கியே ஆக வேண்டும். 10 ஆண்டுக்குப் புதுப்பித்ததை மீண்டும் புதுப்பிக்கலாம்.

சாலை வரியும் ஏறும். 2 லிட்டர் பெட்ரோல் காருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,200 வெள்ளி. 10 வயதைத் தாண்டினால் அதன்மேல் 10 விழுக்காடு, பிறகு ஆண்டுக்கு ஆண்டு கூடி, 14 வயதுக்குப் பிறகு 50 விழுக்காடு. அப்போது சுமார் 1,800 வெள்ளி ஆகிவிடும்.

உங்களால் அதை ஓட்ட முடியுமா?

சிரிக்க வேண்டாம். உங்களிடம் இருப்பது 3ஏ உரிமமா, 3 உரிமமா? 3ஏ என்றால் மேனுவல் காரைத் தொட முடியாது. டைப் ஆர் எஃப்டி2 மேனுவலில் மட்டுமே வந்தது.

அடுத்தது காப்புறுதி. வயது குறைவு, ஓட்டிய அனுபவம் குறைவு, கார் வேகமானது: மூன்றும் சேர்ந்தால் சந்தா எகிறும். விபத்து நடந்தால் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையும் கூடும். சில நிறுவனங்கள் "வேண்டாம்" என்றே சொல்லிவிடலாம். கார் எண்ணைக் கொடுத்து எழுத்தில் விலை வாங்கிக்கொண்டு பிறகு டீலரிடம் பேசுங்கள்.

காரை எப்படிப் பார்ப்பது?

முதலில், நீங்கள் வரும்வரை இயந்திரத்தை முடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இயந்திரம்தான் உண்மை பேசும். போய்ச் சேர்ந்ததும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், யாரோ ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்கலாம்.

முடுக்கும்போது புகைக்குழாய் பக்கம் நண்பரை நிறுத்துங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. டர்போ காரில் அது டர்போ தேய்ந்ததாகவும் இருக்கலாம், இயந்திரமே தேய்ந்ததாகவும் இருக்கலாம். இரண்டுமே செலவு.

மேனுவல் காரில் கிளட்ச்சைச் சோதிக்க எளிய வழி உண்டு. மூன்றாம் அல்லது நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். இயந்திரச் சுழற்சி சட்டென்று ஏறி, வேகம் அதே அளவில் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டாம், மூன்றாம் கியர் மாற்றும்போது "கரக்" என்று சத்தம் வருகிறதா என்பதையும் கவனியுங்கள்.

டயர்கள் நிறையச் சொல்லும். நான்கும் நான்கு பிராண்டு என்றால், முந்தைய உரிமையாளர் எங்கெங்கே காசை மிச்சம் பிடித்திருப்பார் என்று யோசியுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர்.

"இந்தக் கார் செப்பாங் போயிருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். ஜோகூர் பாலம் தாண்டி அங்கே பந்தயத் தடத்தில் ஓட்டிவரும் சிங்கப்பூர்க் கார்கள் உண்டு. போனது குற்றமில்லை. நன்றாகப் பராமரிப்பவர்கள்கூடப் போவார்கள். ஆனால் பிரேக் தட்டின் விளிம்பு மேடு தட்டியிருந்து, கதவு ஓரங்களில் ரப்பர் துகள் ஒட்டியிருந்து, டீலர் மட்டும் "லேடி ஓனர், மார்க்கெட்டுக்கு மட்டும் ஓட்டினாங்க" என்றால் கதை ஒத்துவரவில்லை.

இத்தனை பார்த்தாலும் நம் கண்ணுக்குத் தப்புவது நிறைய. விகாம், எஸ்டிஏ போன்ற வாகனப் பரிசோதனை நிலையங்களில் பழைய காரை வாங்கும் முன் மதிப்பிடும் சேவை உண்டு. டீலர் சொல்லும் பட்டறை வேண்டாம், நீங்கள் தேர்ந்தெடுங்கள். "அதெல்லாம் முடியாது" என்று மறுக்கிறாரா? அதுவே பரிசோதனை முடிவு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம்.

இன்னொன்று, மாற்றியமைத்த கார்கள். சத்தமான புகைக்குழாய்க்கு ஆணையத்தின் ஒப்புதல் இருக்கிறதா? தாள் எங்கே? கழற்றிய அசல் பாகங்கள் யாரிடம்? பெயர் மாறிய பிறகு நிறுத்தப்படுவது உங்கள் கார், பரிசோதனையில் தோற்பதும் உங்கள் கார். "முன்னாடி ஓனர் செஞ்சது சார்" என்று சொல்லித் தப்ப முடியாது.

கடன் பேசும்போது

ஓஎம்வி 20,000 வெள்ளிக்கு மேல் என்றால் அதிகபட்சக் கடன் 60 விழுக்காடு. அதற்குக் கீழ் என்றால் 70 விழுக்காடு. 7 ஆண்டுக்குள் அடைக்க வேண்டும். இது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. நம் 89,000 வெள்ளிக் காருக்குக் கையில் குறைந்தது 35,600 வெள்ளி வேண்டும். "நாங்க முழுசாவே லோன் போட்டுத் தர்றோம்" என்று யாராவது சொன்னால், விலையை எங்கே ஏற்றிக் காட்டுகிறார்கள் என்று கேளுங்கள்.

"3 விழுக்காடுதான்" என்பதும் பாதி உண்மை. 50,000 வெள்ளி, 4 ஆண்டு என்றால் வட்டி 6,000 வெள்ளி. மாதந்தோறும் அசல் குறைந்தாலும், வட்டி முழு 50,000க்கும் போட்டதுதான். உண்மையான விகிதம் 5.7 விழுக்காடு அளவில் வரும். சில விளம்பர விலைகள், கடனையும் அந்த டீலர் மூலமே எடுத்தால்தான் செல்லும். வங்கிக் கடன் எடுத்தால் விலை என்ன, நிர்வாகக் கட்டணம் எவ்வளவு என்று சேர்த்தே கேளுங்கள்.

டெபாசிட் கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் இரண்டு வரி இருக்கட்டும்: கடன் கிடைக்காவிட்டால் டெபாசிட் திரும்ப வரும், பரிசோதனையில் பெரிய பழுது தெரிந்தாலும் திரும்ப வரும். வாட்ஸ்அப்பில் பேசியதை அழித்துவிடாதீர்கள்.

வாங்கிய பிறகு பழுது தெரிந்தால்?

2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் சட்டம்' பழைய கார்களுக்கும் பொருந்தும். ஒப்படைத்த 6 மாதத்துக்குள் தெரியும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது சரிவராவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணத்தைத் திரும்பப் பெறுவது. ஆனால் காரின் வயதும் விலையும் கணக்கில் வரும். வாங்கும்போதே உங்களுக்குத் தெரிந்த குறைக்கும், சாதாரணத் தேய்மானத்துக்கும் அது உதவாது.

பலர் சறுக்கும் இடம் வேறு. இந்தச் சட்டம் வியாபாரியிடம் வாங்கினால்தான். தனிநபரிடம் வாங்கினால் இல்லை. டீலர் கடையில் நிற்கும் எல்லாக் காரும் டீலருடையதும் இல்லை. சிலவற்றை உரிமையாளருக்காக 'கன்சைன்மண்ட்' முறையில் விற்றுக் கொடுக்கிறார்கள். கையெழுத்துப் போடும் தாளில் விற்பவர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது? டீலர் நிறுவனமா, முன்பின் தெரியாத ஒருவரா? 6 மாதம் கழித்து யாரைக் கேட்பது என்பதை அந்த ஒரு வரிதான் முடிவு செய்யும்.

டீலரோடு பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் அமைப்பை நாடலாம். அதுவும் பலிக்காவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ள முடியாது. நீங்களே பேச வேண்டும் என்பதால் பரிசோதனை அறிக்கை, ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.