அச்சகத் தீயும் ஆவா சிறையும்

1812 மார்ச்சில் வங்காளத்தின் செராம்பூரில் மிஷன் அச்சகம் தீப்பற்றியது. மிஷனரி வில்லியம் கேரி ஆண்டுக்கணக்கில் உழைத்த அகராதி, இலக்கணக் கையெழுத்துப் படிகள், கட்டுக் கட்டாகக் காகிதம் எல்லாம் சாம்பலாயின. மூன்று மாதம் கழித்துக் கல்கத்தாவில் வந்திறங்கினார் அமெரிக்க இளைஞர் அதோனிராம் ஜட்சன். கேரியின் தோழர் வில்லியம் வார்ட் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மறு ஆண்டே ஜட்சன் பர்மாவின் ரங்கூன் சேர்ந்தார். கேரி, ஜட்சன் இருவருமே முதல் விசுவாசியைக் காண ஆறேழு ஆண்டுகள் காத்திருந்தவர்கள். இருவருமே வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள். சோதனையைத் தாங்கிய விதத்தில்தான் வேறுபட்டார்கள்.

கேரிக்கு வேலையே மருந்து. எழுத்து வார்க்கும் அச்சுகள் தீயில் தப்பியிருந்தன. உருகிக் கிடந்த உலோகத்தை அள்ளி மறுபடி வார்த்து, சில வாரங்களில் அச்சடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1794இல், ஐந்து வயது மகன் பீட்டர் காய்ச்சலில் இறந்தான். அந்தத் துக்கத்தில் மனைவி டோரதியின் மனம் பேதலித்தது. இங்கிலாந்தை விட்டு வர முதலில் மறுத்தவர் அவர். 1807இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே அவரை வைத்திருக்க நேர்ந்தது. அதே வீட்டில் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 1801இல் வங்காளப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. கேரியும் தம் தனிமையை நாட்குறிப்பில் எழுதி அழுதவர்தான். ஆனாலும் மறுநாள் மேசைக்குத் திரும்பிவிடுவார். இந்த விடாமுயற்சியைக் கொண்டாடுபவர்கள் டோரதியை இரண்டு வரியில் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் குறி இட்ட பெண் அவர். தம் பக்கத்தை எழுதிவைக்க அவருக்கு வழியே இருக்கவில்லை.

ஜட்சன் கதையில் மனைவி ஆன் முன்னால் நிற்கிறார். ஆங்கிலேய–பர்மியப் போரின்போது, 1824 ஜூனில், ஜட்சனை ஒற்றர் என்று சந்தேகித்து ஆவா நகரில் சிறைவைத்தார்கள். இரவானால் விலங்கிட்ட கால்களுக்கிடையே மூங்கிலைச் செருகி மேலே தூக்கிக் கட்டுவார்கள். தோளும் தலையும் மட்டுமே தரையில் படும். ஆன் கைக்குழந்தையோடு அதிகாரிகளின் வாசல்களில் மன்றாடினார். மொழிபெயர்ப்புப் படியை ஒரு முரட்டுத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கணவரிடம் சேர்த்தவரும் அவரே.

சிறை ஜட்சனை உடைக்கவில்லை. விடுதலைக்குப் பின்னால், 1826 அக்டோபரில், அவர் வெளியூரில் இருந்தபோது ஆன் இறந்தார். ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும் போயிற்று. அதில்தான் உடைந்தார். காட்டோரம் குடிசை போட்டுத் தனித்திருந்தார். தமக்கென்று ஒரு குழி வெட்டி அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஆனின் மூன்றாம் நினைவு நாளில் எழுதிய கடிதத்தில், தேவனை நம்புகிறேன், ஆனால் காண முடியவில்லை என்ற பொருளில் எழுதினார். ஒரு மிஷனரி இதை மறைக்காமல் எழுதினாரே, அதனால்தான் கேரியின் உழைப்பைவிட இந்தக் கடிதம் எனக்கு நெருக்கமாக இருக்கிறது. பாரத்தை வேலையால் மூடாமல், அதன் அடிவரை இறங்கிப் பார்த்த விசுவாசம் இது.

மீட்சி ஒரே நாளில் வரவில்லை. 1830இல் ப்ரோம் நகருக்குப் போய், சாவடியில் உட்கார்ந்து வருவோர் போவோரிடம் பேசத் தொடங்கினார். 1834 ஜனவரி 31இல் பர்மிய வேதாகமத்தை முழுவதும் மொழிபெயர்த்து முடித்தார். கேரி அந்த ஆண்டு ஜூனில்தான் செராம்பூரில் இறந்தார்.