நிலக்கரிக் குவியலுக்குள் கிடந்த வானிலை

1917 ஏப்ரல். பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் பீரங்கிகள் ஓயாமல் முழங்கிக்கொண்டிருந்தன. அடிபட்ட வீரர்களை ஏற்றிக்கொண்டு ஓடிய ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களில் ஒருவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். ஆங்கிலேயர், குவேக்கர் சமயத்தவர், ஆயுதம் ஏந்த மறுத்தவர். ஸ்காட்லாந்தில் பார்த்த வானிலை ஆய்வக வேலையை விட்டுவிட்டு, உயிர்களைக் காப்பாற்றவென்றே போர்முனைக்கு வந்திருந்தார். சண்டை உக்கிரமானதும் அவருடைய கையெழுத்துப் பிரதி ஒன்று பத்திரமாக இருக்கட்டும் என்று பின்புறத்துக்கு அனுப்பப்பட்டது. போன பிரதி தொலைந்துபோனது.

அதில் இருந்தது ஒரு துணிச்சலான கணக்கு. பழைய வரைபடங்களைப் புரட்டி, இதே மாதிரி நாள் முன்பு எப்போது வந்தது என்று தேடித்தான் அன்றைக்கு வானிலை சொன்னார்கள். காற்றும் இயற்பியல் விதிக்குக் கட்டுப்பட்டதுதானே, நாளைய நிலையைக் கணக்குப் போட்டே சொல்லலாம் என்று நார்வேயின் வில்ஹெல்ம் பியர்க்னஸ் 1904இல் எழுதியிருந்தார். அதைப் போட்டுப் பார்த்தவர் ரிச்சர்ட்சன். 1910 மே 20ஆம் தேதியின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, நடு ஐரோப்பாவில் ஆறு மணி நேரத்தில் நிகழ்ந்திருக்க வேண்டிய மாற்றத்தை, குளிரில் வைக்கோல் குவியல்மேல் உட்கார்ந்து கையாலேயே கணக்கிட்டார். அதற்கே சுமார் ஆறு வாரம் பிடித்தது. தொலைந்த பிரதி பல மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கடியில் அகப்பட்டது. பிரதி பிழைத்தது; விடைதான் பிழையாக இருந்தது.

காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்றது கணக்கு. அன்று அது ஏறக்குறைய அசையவே இல்லை. 1999இல் ஒடிசாவைச் சூறையாடிய பெரும்புயலின் மையத்தில்கூட அழுத்தம் அவ்வளவு மாறவில்லை என்றால் தவறின் அளவு புரியும். வேறொருவர் என்றால் ஒளித்திருப்பார். ரிச்சர்ட்சன் 1922இல் அதை அப்படியே புத்தகமாக அச்சிட்டார். வானிலையை முந்திக் கணக்கிட 64,000 பேர் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும் என்றும் அதில் கற்பனை செய்தார். கனவு என்று உலகம் ஒதுக்கியது. வழிமுறை சரிதான், தொடக்க அளவீடுகளில் இருந்த சிறு முரண்பாடுகளே விடையைக் கெடுத்தன என்பது தெளிவாகப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் இன்னொரு போர் வந்து, ஒரு ராட்சத இயந்திரத்தையும் கொண்டுவந்தது.

எனியாக் என்ற அந்தக் கணினி, பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிடப் பிறந்தது. 1950இல் ஜூல் சார்னி, ஜான் வான் நியூமன் குழுவினர் சமன்பாடுகளை எளிமையாக்கி அதில் ஓட்டினார்கள். 24 மணி நேர முன்னறிவிப்புக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் ஆனது. வானிலையும் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து சேர்ந்தன! வரைபடங்களை சார்னி ரிச்சர்ட்சனுக்கு அனுப்பினார். மறுநாள் வானிலைக்கு எது நெருக்கமாக இருக்கிறது, முந்தின நாள் வரைபடமா, கணினி போட்டதா என்று ரிச்சர்ட்சன் தன் மனைவியிடம் கேட்டார். கணினியே ஒரு மயிரிழை மேல் என்பது அந்த அம்மையாரின் தீர்ப்பு. 1953இல் ரிச்சர்ட்சன் நிறைவோடு கண்மூடினார் என்றே நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் கணக்குக்குள் இன்னொரு கண்ணி மறைந்திருந்தது.

1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட்வர்ட் லோரன்ஸ் ஒரு பழைய கணக்கைத் திரும்ப ஓட்டினார். 0.506127 என்பதை 0.506 என்று சுருக்கி உள்ளிட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது கணினி முற்றிலும் வேறு வானிலையைக் காட்டிக்கொண்டிருந்தது. கடுகளவு வித்தியாசம் மலையளவு வளர்கிறது என்றால், முன்னறிவிப்பை எப்படி நம்புவது?

விடை 1992இல் நடைமுறைக்கு வந்தது. தொடக்க அளவீடுகளை இம்மி இம்மியாக மாற்றி, ஒரே கணக்கைப் பலமுறை ஓட்டினார்கள். விடைகள் ஒன்றுபோல் வந்தால் நம்பிக்கை அதிகம். சிதறினால் எச்சரிக்கை தேவை. கைபேசியில் தினமும் தென்படும் ‘மழைக்கு 60 சதவீத வாய்ப்பு’ இப்போது பெரும்பாலும் இப்படிக் கிடைப்பதுதான்.

அந்தச் சதவீதத்தின் உண்மையான பெருமை குடை எடுப்பதில் இல்லை. 1999 புயலில் ஒடிசா ஏறத்தாழ 10,000 பேரை இழந்தது. 2013இல் பைலின் புயல் வந்தபோது, முன்னறிவிப்பை நம்பி ஏறத்தாழ 10 லட்சம் பேரைப் புகலிடங்களுக்கு அழைத்துப்போனார்கள். உயிரிழப்பு சில பத்துகளில் நின்றது. புயல் கரை கடக்கும் பகுதியில், அறுந்து விழும் கம்பி ஆளைக் கொல்லாதபடி மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்துவதும், கம்பங்களையும் ஊழியர்களையும் அருகில் தயாராக வைப்பதும் இந்த முன்னறிவிப்பை நம்பித்தான்.

புயல் இல்லாத நாளிலும் மின்சாரத்துக்கு இந்தக் கணக்கு தேவை. தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று திடீரென்று படுத்துவிட்டால், அந்தக் குறையை ஈடுகட்ட, அணைந்து குளிர்ந்த அனல் மின் அலகை உடனே எழுப்ப முடியாது. பல மணி நேரம் ஆகும். அதனால் நாளைக்குக் காற்று எவ்வளவு தரும் என்ற கணிப்பு இன்றே வேண்டும். அதைத் தயாரிப்பது சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்றுச் சக்தி நிறுவனம். எந்த அனல் அலகை ஓட்டுவது, எதைக் குறைப்பது என்று மின்சுமை மையத்துப் பொறியாளர்கள் முடிவெடுக்கும்போது அவர்கள் கையில் இருப்பது, ரிச்சர்ட்சன் தொடங்கிவைத்த அந்தக் கணக்கின் விடைதான்.