திசை மாறிய பணம்

அமெரிக்க நாட்டில் ஊர்தோறும் உள்ள தொலைக்காட்சி நிலையங்களுட் பெரும்பாலானவை வலையமைப்புகளுக்குச் சொந்தமானவை அல்ல. ஒப்பந்தத்தால் மட்டுமே அவற்றோடு இணைந்தவை. இவ்விணைப்பு வானொலிக் காலத்தில் தோன்றியது. 1928இல் சி.பி.எஸ். தலைவரான வில்லியம் பேலி, விளம்பரமில்லா நிகழ்ச்சிகளை நிலையங்களுக்கு இலவசமாக அளித்தார். கைம்மாறாக, விளம்பர நிகழ்ச்சிகளுக்கு அவற்றின் நேரத்தைப் பெற்றார். அந்நேரத்திற்கு நிலையங்களுக்குப் பணமும் கிடைத்தது. தொலைக்காட்சி வந்த பின்னும் பல்லாண்டுகள் இம்முறையே நீடித்தது.

கேபிளின் வளர்ச்சியால் பார்வையாளர் பிரிந்தனர். நிகழ்ச்சிச் செலவோ உயர்ந்தது. வலையமைப்புகள் கையைச் சுருக்கின. இத்தகைய பிணக்கால் 2002இல் ஜாக்சன்வில் நகரத்து டபிள்யூ.ஜே.எக்ஸ்.டி. நிலையம் சி.பி.எஸ்.ஸை விட்டு விலகி, உள்ளூர்ச் செய்தியை நம்பித் தனித்து நின்றது.

1992ஆம் ஆண்டுச் சட்டம், தம் ஒளிபரப்பை மறுபடி அனுப்பும் கேபிள் நிறுவனங்களிடம் கட்டணம் கேட்கும் உரிமையை நிலையங்களுக்கு வழங்கியிருந்தது. பிற்காலத்தில் அத்தொகை பெருகவே, வலையமைப்புகள் அதிற் பங்கு கேட்டன. வாங்கிய நிலையம் கொடுக்கும் நிலையமாயிற்று.

ஊர்ச் செய்தி திரட்டும் செலவும் அதே பெட்டியிலிருந்துதான் வரவேண்டும். மேலே செல்லும் பங்கு வளருமாயின், ஊரின் குரலுக்கு எஞ்சுவது குறையும்.