இனித்த பேய்க்கரும்பு: கோவை வேளாண் கல்வியின் நூற்றாண்டு வரலாறு

அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் இந்நாட்டிற்குக் கரும்பைக் கொணர்ந்தவர் என்று புறநானூறு குறிப்பிடுகிறது. ஒரு மன்னனின் குடிப்பெருமையைச் சொல்ல வந்த ஔவையார், அவன் வென்ற போர்களோடு அவன் முன்னோர் கொணர்ந்த பயிரையும் சேர்த்துச் சொன்னது எண்ணத்தக்கது. புதிய பயிரொன்றை ஒரு மண்ணில் வேரூன்றச் செய்வது, கோட்டை கட்டுவதற்கும் பகை வெல்வதற்கும் நிகரான செயலாகப் பழந்தமிழர்க்குத் தோன்றியது போலும். அதே பணியை, அதே கரும்பைக் கொண்டு, இருபதாம் நூற்றாண்டில் அதியமானின் தகடூருக்குத் தொலைவில்லாத கொங்கு மண்ணில் செய்து காட்டியது அரசகுடி அன்று. ஒரு கல்விக்கூடமும் அதனருகே முளைத்த ஆய்வுப் பண்ணையும் ஆகும்.

ஒரு பல்கலைக்கழகம் தன்னைச் சூழ்ந்த நிலத்திற்கு என்ன செய்யக்கூடும், என்ன செய்யத் தவறக்கூடும் என்னும் வினாவிற்கு, கோவை வேளாண் கல்வியின் வரலாற்றைவிடத் தெளிவான விடை தமிழகத்தில் அரிதாகவே கிட்டும்.

சைதையிலிருந்து கோவைக்கு

சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் 1868ஆம் ஆண்டில் ஒரு வேளாண் பள்ளி தொடங்கப்பட்டது. உழவுத் தொழிலை உலகின் முதல் தொழிலாகப் போற்றிய நாட்டில், அத்தொழிலுக்கெனப் பள்ளி ஒன்று அரசின் சார்பில் தோன்றியது அப்போதுதான். அடுத்த பத்தாண்டுக்குள் 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் தென்னாட்டை உலுக்கியது. தாது வருடப் பஞ்சம் என இன்றும் முதியோர் வாய்மொழியில் வழங்கும் அக்கொடுமை, பல இலட்சம் உயிர்களைக் கொண்டு சென்றது. அதன் பின் அமைந்த பஞ்ச ஆணையம், மாகாணந்தோறும் வேளாண் துறை வேண்டும் என 1880இல் வலியுறுத்தியது. வேளாண் கல்வி என்பது அறிஞர் சிலரின் விருப்பம் என்னும் நிலை மாறி, பசியின் கட்டாயமாயிற்று.

1906ஆம் ஆண்டில் அப்பள்ளி கோயம்புத்தூருக்கு இடம் பெயர்ந்தது. கரிசலும் செம்மண்ணும் அருகருகே கிடக்கும் நிலம். கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் பயிர் மாற்றிப் பயிர் செய்யும் திறன் வாய்ந்த உழவர்கள். மேற்கு மலைத்தொடரின் கணவாய் வழியே வந்து வெம்மையைத் தணிக்கும் காற்று. இவை யாவும் ஆய்வுக்கு உகந்தவை. 1909இல் கல்லூரிக் கட்டடம் திறக்கப்பட்டது. 1920இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்று, உழவைப் பாடமாகக் கற்றோர் பட்டம் பெறும் நிலை உருவாயிற்று. ஏர் பிடிப்பதும் ஏடு பிடிப்பதும் இரு வேறு சாதியார்க்கு உரியவை எனக் கருதிய சமுதாயத்தில், இந்த இணைவு சிறிய செய்தி அன்று.

நாணலின் பங்கு

அந்நாளில் இந்தியா, கரும்பு விளையும் நாடாக இருந்தும் சர்க்கரையைச் சாவகத்திலிருந்தும் மொரீசியசிலிருந்தும் இறக்குமதி செய்து வந்தது. கரும்புப் பரப்பில் பெரும்பகுதி வடநாட்டில் இருந்தது. அங்கு விளைந்தவை மெலிந்த கரும்புகள். பனியையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் சாறு குறைவு. தென்னாட்டின் பருத்த கரும்புகளில் சாறு மிகுதி. ஆனால் வடபுலத்துக் குளிரை அவை தாங்கா. இரண்டின் நலன்களையும் ஓர் உடலில் சேர்ப்பதற்குக் கரும்பு பூத்து, விதை கட்ட வேண்டும். உழவர்கள் கரணையை நட்டே கரும்பு வளர்ப்பவர்கள். அதற்கு விதை உண்டு என்பதையே 1880களின் இறுதியில்தான் சாவகத்திலும் பார்படோசிலும் ஆய்வாளர் உறுதி செய்தனர். வடநாட்டில் கரும்பு செவ்வனே பூப்பதில்லை. கோவையின் தட்பவெப்பத்திலோ அது பூத்து, முளைக்கும் விதையும் தந்தது.

இந்த உண்மையை உணர்ந்தவர் தாவரவியலறிஞர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர். வடநாட்டிற்கான கரும்பைத் தென்னாட்டில் பிறப்பிப்பது என்ற எண்ணத்தோடு, 1912ஆம் ஆண்டில் கரும்பு இனப்பெருக்க நிலையம் கோவையில் தொடங்கப்பட்டது. அவருக்குத் துணையாக நின்று, பின்னர் அந்நிலையத்தின் தலைமையையும் ஏற்றவர் தி. சா. வெங்கட்ராமன்.

அவர்கள் செய்த முதற் கலப்பே வியப்புக்குரியது. தாயாகக் கொண்டது ‘வெள்ளை’ என்னும் சாறு மிக்க கரும்பு. தந்தையாகக் கொண்டது எது? ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் எவரும் விதைக்காமல், எவரும் காவாமல் வளர்ந்து நின்ற நாணல்! சாறற்றது, இனிப்பற்றது, உழவர் களையெனக் கருதி அகற்றுவது. ஆயினும் வெள்ளத்தில் வளைந்து, வறட்சியில் வேர்விட்டு, நோயை எதிர்த்து நிற்கும் உரம் அதனிடம் இருந்தது. இனிப்பைத் தாயிடமிருந்தும் உரத்தைத் தந்தையிடமிருந்தும் பெற்றுப் பிறந்த கரும்பு, கோ 205 என்ற பெயரோடு 1918இல் பஞ்சாபிற்கு வழங்கப்பட்டது. அங்கு வழங்கிவந்த ‘கத்தா’ என்னும் மெல்லிய கரும்பை அது விரைவிலேயே விஞ்சியது.

நாணலைப் பேய்க்கரும்பு என்னும் பெயராலும் சுட்டுவதுண்டு. பட்டினத்தடிகள் கையில் ஏந்தித் திரிந்த பேய்க்கரும்பு, திருவொற்றியூரில் இனித்தது என்பது தமிழர் அறிந்த கதை. அருளாளர் கையில் இனித்ததாகச் சொல்லப்படும் அதே புல், கோவையில் ஆய்வாளர் கையில் மற்றொரு வகையில் இனித்தது எனலாம்.

கடல் கடந்த வித்து

கோ 205ஐத் தொடர்ந்து எண்கள் பெருகின. வட இந்தியக் கரும்பினத்தையும் சேர்த்து மூவினக் கலப்புகளை வெங்கட்ராமன் உருவாக்கினார். 1932இல் சர்க்கரைத் தொழிலுக்குக் காப்புவரிச் சட்டம் வந்தபோது, ஆலைகளுக்கு வேண்டிய கரும்பு வயலில் ஆயத்தமாக நின்றது. ஏறத்தாழ முப்பதாக இருந்த ஆலைகள் ஐந்தே ஆண்டுகளில் நூற்று முப்பதைத் தாண்டின. சட்டம் மட்டும் இருந்து கரும்பு இல்லையெனில் இவ்வளர்ச்சி இயன்றிராது. கரும்பு மட்டும் இருந்து சட்டம் இல்லையெனினும் அவ்வாறே. ஆய்வும் அரசும் தொழிலும் ஒரே திசையில் நடந்த அரிய காலம் அது.

கோயம்புத்தூர் என்னும் ஊர்ப்பெயரின் முதலெழுத்தே அக்கரும்புகளின் குடிப்பெயராயிற்று. ‘கோ’ என்னும் ஓரெழுத்தொருமொழிக்குத் தமிழில் அரசன் என்றும் பொருளுண்டு. தமிழறியாத கங்கைச் சமவெளி உழவர் நாவிலும் அவ்வெழுத்து நிலைபெற்றது.

வித்து கடலையும் கடந்தது. கோவையில் கலப்புச் செய்த விதை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றது. அங்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ‘என்.கோ. 310’ என்னும் கரும்பு 1945ஆம் ஆண்டு முதல் பரவி, பின்னர்த் தைவான் வரை சென்றது. ஈண்டு மற்றொரு பயணத்தையும் நினைவுகூர வேண்டும். 1860ஆம் ஆண்டில் ‘துரூரோ’ என்னும் கப்பல், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரை ஏற்றிக்கொண்டு அதே நேட்டால் கரையை அடைந்தது. அவர்கள் சென்றதும் கரும்புத் தோட்டங்களுக்கே. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் இந்துப் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடியதைத் தமிழுலகம் அறியும். இனிப்பைப் பெருக்கும் அறிவு, அவ்வினிப்புக்காக வியர்வை சிந்துவோரின் வாழ்வைத் தானாகவே இனிக்கச் செய்வதில்லை. ஆய்வகம் விடை காணாத, சமுதாயமே விடை காண வேண்டிய வினா அது.

இதனை வெங்கட்ராமன் உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று உண்டு. 1937இல் ஐதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய அவர், தலைமையுரைக்குக் கரும்பைப் பொருளாகக் கொள்ளவில்லை. இந்தியச் சிற்றூரின் நேற்று, இன்று, நாளை என்பதையே பொருளாகக் கொண்டார்.

காட்டை மறவாத அறிஞர்

1934 முதல் 1939 வரை அந்நிலையத்தில் பணியாற்றியவர் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். கரும்பையும் மக்காச்சோளத்தையும், கரும்பையும் மூங்கிலையும் கலந்து, புல்லினங்களின் உறவை ஆராய்ந்தார். பெண் என்பதாலும், மணம் புரியாது தனித்து வாழ்ந்தவர் என்பதாலும் அவர் எதிர்கொண்ட தடைகளை வரலாற்றாசிரியர் பதிவு செய்துள்ளனர். பின்னர் இங்கிலாந்து சென்று உலகப் புகழ் பெற்றார். தாயகம் திரும்பிய அவர், முதுமையில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணைத்திட்டத்திலிருந்து காக்க எழுந்த குரல்களில் ஒன்றாக விளங்கினார். 1984 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில் அவர் உயிர் நீத்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வயலுக்குப் புதுப்பயிர் தேடியவரே காட்டுக்காகவும் வாதாடியது முரண்பாடு அன்று. நாணலின் மதிப்பை அறிந்தவர்க்குக் காட்டின் மதிப்பும் தெரியும்.

நெல்லும் வயல்வழிக் கல்வியும்

நெல்லின் வரலாறும் இதையே உரைக்கிறது. கோவை ஆய்வாளர்கள் ‘கோணாமணி’ என்னும் பழைய நெல் வயலில் இயல்பாகத் தோன்றிய மாறுபட்ட கதிர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 1921இல் ஜி.இ.பி. 24 என்ற பெயரில் வழங்கினர். உழவர் அதைக் கிச்சிலிச் சம்பா என்று தம் மொழியில் அழைத்துத் தமதாக்கிக் கொண்டனர். அதன் வழித்தோன்றலே திரூர்க்குப்பத்தில் உருவான டி.கே.எம். 6. அதனைப் பெற்றோருள் ஒன்றாகக் கொண்டு பிலிப்பைன்சில் பிறந்த ஐ.ஆர். 20, தமிழக வயல்களுக்கே திரும்பி வந்து பரவியது. தமிழ் உழவன் ஒருவன் தலைமுறை தலைமுறையாகக் காத்த நெல்மணி, உலகைச் சுற்றி வந்து அவன் பேரனின் வயலில் விளைந்தது.

1947இல் கோவைக் கல்லூரியில் வேளாண் பட்டம் பெற்ற மாணவருள் ஒருவர் எம். எஸ். சுவாமிநாதன். 1943இன் வங்கப் பஞ்சமே அவரை உழவுக் கல்விக்குத் திருப்பியது. 1971ஆம் ஆண்டில் அக்கல்லூரி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. நாட்டின் முதல் உழவர் அறிவியல் மையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டபோது, அதை நடத்தும் பொறுப்பு இப்பல்கலைக்கழகத்திடமே ஒப்படைக்கப்பட்டது. இன்று அத்தகைய மையங்கள் நாடெங்கும் எழுநூற்றுக்கு மேல் உள்ளன. வயலுக்கு வந்து கற்பிக்கவும், வயலிலிருந்து கற்கவும் பல்கலைக்கழகம் கடமைப்பட்டது என்னும் கொள்கை அவற்றில் உருப்பெற்றது.

ஒற்றை இனத்தின் பேரிடர்

ஆயினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. புதிய விதைகள் பரவிய வேகத்தில் பழைய நெல்லினங்கள் வயலைவிட்டு மறைந்தன. வேதி உரமும் பூச்சிக்கொல்லியும் விதையோடு சேர்ந்து வந்தன. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர் இறங்கியது. ஓராண்டு முழுதும் நீர் கேட்கும் கரும்பு, வறண்ட வட்டங்களிலும் நடப்பட்டது. இவற்றைச் சுட்டிக்காட்டியவர்களுள் முதன்மையான கோ. நம்மாழ்வார், கல்விக்கூடத்திற்கு அயலார் அல்லர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று, கோவில்பட்டி ஆய்வுப் பண்ணையில் பணியாற்றி, அங்கு நடைபெற்ற ஆய்வு மானாவாரி உழவனுக்கு உதவாது எனக் கண்டு 1960களில் வெளியேறியவர். 2013இல் மறையும் வரை ஊர் ஊராக நடந்து அதையே கூறினார். அவர் வழிநின்ற நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட மரபு நெல்லினங்களை மீட்டு, உழவரிடையே பரப்பினார், 2018இல் மறைந்தார். பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய பணியில் ஒரு பகுதியை எளிய மனிதர் செய்தனர் என்பதே உண்மை.

கரும்பும் அண்மையில் ஒரு பாடம் புகட்டியது. கோவை நிறுவனத்தின் கர்னால் மையத்தில் உருவாகி 2009இல் வெளியான கோ 0238, விளைச்சலாலும் சர்க்கரைச் சத்தாலும் உத்தரப்பிரதேச உழவரின் உள்ளங்கவர்ந்தது. பத்தாண்டுக்குள் அம்மாநிலக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கை அது ஒன்றே பிடித்தது. பின்னர்ச் செவ்வழுகல் நோய் தாக்கியபோது, ஒரே இனம் நின்ற இடமெங்கும் ஒரே அழிவு நேர்ந்தது. குற்றம் அக்கரும்பினுடையது அன்று. ஒன்றையே நம்பிய பேராசையினுடையது.

தாய்வேர்களைக் காத்தல்

அந்த நோய்க்கு மாற்று எங்கே தேடப்படுகிறது? மீண்டும் நாணலிடமும் அதன் உறவுப் புற்களிடமும்தான். கோவை நிறுவனம் கேரளத்தின் கண்ணூரில் 1961 முதல் பேணிவரும் கரும்புத் தொகுப்பு, உலகின் இரு பெருந்தொகுப்புகளுள் ஒன்று. மற்றது அமெரிக்காவின் மயாமியில் உள்ளது. பல நாட்டுக் காடுகளிலும் கரைகளிலும் திரட்டிய நாணல்களும் பழங்கரும்புகளும் அங்கு ஆண்டுதோறும் நட்டு, காக்கப்படுகின்றன. ஆலைக்கு உடனடிப் பயன் தராதவை அவை. ஆயினும் நாளைய கரும்புக்கு அவையே தாய்வேர்.

ஒரு வட்டாரத்தின் வளர்ச்சிக்குப் பல்கலைக்கழகம் ஆற்றும் பணி இருவகைப்படும். புதியதைப் பிறப்பித்தல் ஒன்று. புதியது பிறப்பதற்குரிய பழையதைக் காத்தல் மற்றொன்று. முதற்பணிக்கு விருதும் புகழும் உண்டு. இரண்டாவதற்கு அவை அரிது. ஆனால் இரண்டாவது இல்லையேல் முதலாவது ஒரு தலைமுறைக்கு மேல் நிலைக்காது. கோவையின் நூற்றாண்டு வரலாறு வழங்கும் தீர்ப்பு இதுவே.

மொழிக்கும் இவ்விதி பொருந்தும். வழக்கிழந்த சொல்லும், ஏட்டில் உறங்கும் யாப்பும், சிற்றூர்க் கிழவியின் தாலாட்டும் இலக்கிய வயலின் நாணல்கள். அவற்றைக் களையென்று அகற்றாத மொழியிலேயே புதிய கவிதைக் கரும்பு தொடர்ந்து முளைக்கும்.