கஞ்சித் தொட்டி முதல் காப்பகம் வரை

"காலம் கெட்டுவிட்டது! பெற்றவர்களை இல்லத்திலே கொண்டுபோய்த் தள்ளுகிறார்கள். அந்த நாளிலே இப்படி உண்டா?"

மயிலை மாடவீதியிலே இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். பனகல் பூங்காவின் இருக்கைகளிலே கேட்கிறோம். பட்டிமன்ற மேடையிலே இதைக் கேட்டுக் கைதட்டும் கூட்டத்தையும் காண்கிறோம். முதியோர் இல்லம் மேனாட்டு நாகரிகம் கொண்டுவந்து கொட்டிய குப்பை. நம் முன்னோரோ முதுமையை மடியிலே வைத்துத் தாலாட்டினர் — இதுதான் வாதம். கேட்பதற்கு இனிமைதான். வரலாறு அதற்குச் சான்று பகர்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

முதலில் ஓர் எண். நாடு விடுதலை பெற்ற காலத்தில், இங்கே பிறந்த குழந்தை எதிர்பார்க்கத்தக்க சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டு. தொட்டிலிலேயே மடிந்த குழந்தைகள் பலர் என்பதால் சராசரி இவ்வளவு தாழ்ந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் காலரா, பெரியம்மை, பஞ்சம், பிள்ளைப்பேறு எனும் நான்கு பள்ளங்களையும் தாண்டி அறுபதைத் தொட்டவர் சிலரே. இன்று சராசரி எழுபதை எட்டியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில், அறுபதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இந்திய மக்களில் நூற்றுக்கு 8.6 பேர், தமிழகத்தில் 10.4 பேர். ஒரு தாய் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையோ, 2019-21 குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 1.8-ஆகச் சுருங்கிவிட்டது. வீடுதோறும் பாட்டனும் பாட்டியும் கொலுவீற்றிருக்க, ஏழு பிள்ளைகள் போட்டியிட்டுக் காத்தனர் என்று தீட்டப்படும் ஓவியத்தில் முதியவர்களின் தொகையே மிகை. அக்குடும்பங்கள் தாங்கியதைவிடப் பெரும் பாரத்தை இன்றைய குடும்பம் தாங்குகிறது. அதைத்தான் 'கெட்டுப்போன காலம்' என்கிறோம்!

சரி, அந்தச் சிலராவது எப்படி வாழ்ந்தனர்? நிலமும் பெட்டிச் சாவியும் கையிலிருந்த கிழவருக்கு மரியாதை இருந்தது, ஐயமில்லை. கைம்பெண்ணான அத்தைக்கு? பிள்ளையில்லாத சித்திக்கு? கூலிக்கு உழைத்து இடுப்பொடிந்த பண்ணையாளுக்கு? முன்னிருவருக்கும் அடுக்களைப் புகையும் மூலையிலோர் பாயும். பின்னவனுக்கு அதுவும் இல்லை. கூட்டுக் குடும்பம் அவனைக் கூட்டிக்கொள்ளவே இல்லை. அவன் எங்கே போனான்? அதற்கும் வரலாற்றில் விடை இருக்கிறது. நம் சென்னையிலேயே இருக்கிறது.

1780-ஆம் ஆண்டு ஐதர் அலியின் படை கர்நாடகத்தில் நுழைந்தது. ஊர்கள் எரிந்தன, வயல்கள் வறண்டன, பஞ்சம் பிறந்தது. பசித்த மக்கள் பட்டணம் நோக்கி ஓடிவந்தனர். 1782-இல் வடசென்னையில் அவர்களுக்காகக் கஞ்சி ஊற்றும் சத்திரம் ஒன்று எழுந்தது. ஊர் மணியக்காரரின் பெயரால் அது மணியக்காரர் சத்திரம். வெள்ளையரின் நாவிலே அந்தச் சொல் சிதைந்து 'மானிகர் சௌல்ட்ரி' ஆயிற்று. பஞ்சம் போனபின்னும் சத்திரம் போகவில்லை. போக்கிடமற்ற முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது புகலிடமாயிற்று. அதையொட்டி வளர்ந்த மருத்துவமனைதான் பிற்காலத்து ஸ்டான்லி. ஆளுநரின் பெயரை அரசு சூட்டியபிறகும் மக்கள் அதைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே பல தலைமுறை அழைத்தனர். ஆவணம் மறந்ததை மக்கள் நாக்கு மறக்கவில்லை!

இதிலிருந்து ஒன்று தெளிவு. முதியவருக்கெனத் தனி இடம் வேண்டும் என்ற நிலை நேற்று முளைத்ததன்று. இருநூற்று நாற்பது ஆண்டுகளாகச் சென்னை அதை அறியும். அங்கே கிடைத்தது கஞ்சி. அது பசியைத் தணித்தது. பெற்றவனைத் தலைகுனியவும் வைத்தது. ஈபவன் இரங்கினால் உண்டு, இரங்காவிட்டால் இல்லை.

மேனாடு மட்டும் மேன்மையாக நடந்துகொண்டதா என்றால், இல்லை. இங்கிலாந்தில் 1834-இல் வந்த ஏழையர் சட்டம் திக்கற்ற கிழவர்களை வேலைக்கூடத்தில் அடைத்தது. ஐம்பது ஆண்டு உடன் வாழ்ந்த கணவனையும் மனைவியையும் வாசலிலேயே இரு பிரிவாகப் பிரித்தனர். அதே காலத்தில், 1839-இல், பிரான்சு நாட்டின் செயின்ட் செர்வான் என்னும் சிற்றூரில் ஷான் ஷுகான் எனும் எளிய பெண், பார்வையிழந்த ஒரு கிழவியைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து தன் படுக்கையையே கொடுத்தார். அந்தப் படுக்கையிலிருந்து பிறந்ததுதான் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை. 1882-இல் அது கல்கத்தாவுக்கு வந்தது. சென்னை ஆரிங்டன் சாலையிலும் இல்லம் அமைத்தது. செருமனியில் 1889-இல் பிஸ்மார்க் முதுமைக்கு ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தார். 1908-இல் இங்கிலாந்தும் எழுபது வயதானோர்க்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை வழங்கச் சட்டம் செய்தது. பிச்சை உரிமையாக மாறிய திருப்பம் அது. ஐந்து ஷில்லிங்கை அஞ்சலகத்தில் வாங்கிய கிழவன் எவரையும் கும்பிட வேண்டியதில்லை அல்லவா?

இனி நாம் விரிவாக நின்று பார்க்க விரும்பும் இடம் மெரினாக் கடற்கரை எதிரே உள்ளது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய 'ஐஸ் ஹவுஸ்'. முதல் உலகப் போர்க் காலத்தில் அந்தக் கட்டடத்துக்குள் வேறொரு வாழ்வு புகுந்தது. பதினோரு வயதிலே மணமாகி, விரைவிலேயே கைம்பெண்ணான சுப்புலட்சுமி, 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். தம்மைப்போன்ற இளங் கைம்பெண்கள் சிலரை எழும்பூரில் தம் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கத் தொடங்கினார். தொகை பெருகவே, விடுதி ஐஸ் ஹவுசுக்கு மாறிற்று. 'சகோதரி சுப்புலட்சுமி' என்ற பெயரை அறியாதவர் கல்வி உலகில் இலர். அவருக்குப் பின்னே நின்ற மற்றொருவரைத்தான் பலர் அறியார்: அவருடைய சித்தி வாலாம்பாள். அவரும் இளமையிலேயே கைம்பெண் ஆனவர். விடுதியின் அடுக்களையும், கணக்கும், பிணிப்பட்ட பிள்ளையின் தலைமாடும் அவர் பொறுப்பு.

எண்ணிப் பாருங்கள்! ஊரிலே இருந்திருந்தால் அந்தச் சித்தியின் இடம் எது? கொல்லைப்புற இருட்டு. நல்ல காரியத்துக்குப் புறப்படுவோர் எதிரே வராமல் ஒதுங்கவேண்டிய உருவம். அவரே இங்கே பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்கள் பலருக்குத் தாயாகவும் பாட்டியாகவும் ஆனார். அவர் பெற்ற பிள்ளைகள் அல்லர். அவர் வளர்த்த பிள்ளைகள். அவர்களிற் பலர் ஆசிரியைகளாகி ஊர் ஊராகச் சென்றனர். முதுமைக்கு மதிப்பைத் தருவது வேளா வேளைக்குக் கிடைக்கும் சோறு மட்டுமன்று. தன் கையால் ஆகவேண்டிய காரியம் ஒன்று நாளைக்கும் இருக்கிறது என்ற உறுதி. அதை அந்தச் சித்திக்கு அளித்தது குடும்பமன்று, விடுதி. அந்த விடுதி பார்ப்பனக் கைம்பெண்களுக்கு மட்டுமே திறந்திருந்தது என்ற குறையையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மற்றக் குலத்துக் கைம்பெண்ணின் கண்ணீர் மட்டும் உப்புக் கரிக்கவில்லையா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆயினும் அந்தக் கட்டடத்துக்குள் நடந்தது நல்ல காரியம்.

அரசின் பங்கு காலம் தாழ்த்தி வந்தது. 1956-இல் இந்து மக்களுக்கான தத்து, வாழ்க்கைப் பொருளுதவிச் சட்டம் பெற்றோரைக் காக்கும் கடமையை மகனோடு மகளுக்கும் உரியதாக்கிற்று. 1962 ஏப்ரல் முதல் தமிழகத்தில் முதியோர் ஓய்வூதியம் வந்தது. மாதம் 20 ரூபாய். 2023-இல் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. போதுமா என்று கேட்டால் போதாது. ஆனால் கஞ்சித் தொட்டியிலிருந்து நெடுந்தூரம் வந்துவிட்டோம். 2007-இல் பிறந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஓரடி முன்சென்றது. கைவிட்ட பிள்ளையின்மீது முதியவர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பெறலாம். காப்பாற்றுவதாக ஏற்றுச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு ஏமாற்றினால், எழுதிய பத்திரமே செல்லாது எனச் செய்யலாம். மாவட்டத்துக்கு ஓர் இல்லமேனும், நூற்றைம்பது பேருக்கேனும், அரசு அமைக்கலாம் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. 'அமைக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'அமைத்தே ஆகவேண்டும்' என்று எழுத எழுதுகோல் ஏன் தயங்கிற்றோ!

இதற்கிடையே, 1978-இல் தென்சென்னையில் ஒரு முயற்சி தோன்றியது. சாவித்திரி வைத்தி என்னும் பெண்மணி 'மண்டே சாரிட்டி கிளப்' எனும் மாதர் குழுவைத் திரட்டி, ஆதரவற்ற முதியோருக்குக் கட்டணமில்லா இல்லமாக 'விச்ராந்தி'யைத் தொடங்கினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கத்தில் அது நிலைகொண்டது. ஏழை முதியவர்களுக்குச் சமயம் கேளாமல், சாதி கேளாமல் இடம் தரும் வேறு இல்லங்களும் பின்னர்ப் பெருகின.

பிறகு வந்தது பணம் படைத்தோரின் முறை. 1965-இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் தளர்த்தியது. 1990-களுக்குப்பின் கணினித் தொழில் கடல்கடந்து அழைத்தது. மயிலையிலும் அடையாற்றிலும், நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பெயர் தாங்கிய நகரிலும், மகன் ஒரு கண்டம், மகள் ஒரு கண்டம் என்றாயிற்று. தோட்டம் சூழ்ந்த வீடு இடிந்து அடுக்ககமாயிற்று. அதிலே இரண்டு முதியவர்களும் ஒரு தொலைபேசியும் மிஞ்சின. அவர்களுக்காக நகரின் புறத்தே மூத்தோர் குடியிருப்புகள் எழுந்தன. மருத்துவர் உண்டு, செவிலி உண்டு, வழுக்காத தரை உண்டு, நேரத்துக்கு உணவு உண்டு. விரும்பி விலைகொடுத்துச் சென்று நிம்மதியாக வாழ்வோர் பலர். மருமகளும் மூச்சுவிடுகிறாள், மாமியாரும் மூச்சுவிடுகிறார். இதிலே இழிவு எங்கே இருக்கிறது? இதைக் கண்டு கண்ணீர் விடுவோரைக் கண்டால் நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

நமக்குள்ள குறை வேறு. ஊருக்கு நடுவே வாழ்ந்தவர்களை ஊருக்கு வெளியே ஏன் குடியேற்ற வேண்டும்? நரையே இல்லையே, ஏன் என்று கேட்டவர்க்குப் புறநானூற்றுப் பிசிராந்தையார் கூறிய விடையை ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். மனைவியையும் மக்களையும் சொல்கிறார், ஏவலரைச் சொல்கிறார், அரசனைச் சொல்கிறார், அதற்கும் மேலே, தம் ஊரிலே வாழும் சான்றோரைச் சொல்கிறார். முதுமையைத் தாங்க வீடு மட்டும் போதாது, ஊர் வேண்டும் என்பதை அந்தப் புலவர் அறிந்திருந்தார். பாரதிதாசன் 'குடும்ப விளக்கு' பாடியபோது ஐந்தாம் பகுதிக்கு 'முதியோர் காதல்' என்று பெயரிட்டதும் சிறிய செய்தியன்று. கிழவனும் கிழவியும் காத்துக் கிடக்கும் சுமைகளல்லர், அன்பும் ஆசையும் உடைய மனிதர் எனக் காட்டினார். நகரின் நூலகத்துக்கும், கடற்கரைக்கும், காய்கறிக் கடைப் பேரத்துக்கும் எட்டாத தொலைவில் அவர்களை வைத்துவிட்டு, "எல்லா வசதியும் இருக்கிறதே" என்றால் எப்படி? 'சைவ உணவு மட்டும்' என்ற விளம்பரத்தின் அடியிலே எந்தக் குலத்தாருக்கு வாயில் திறந்திருக்கிறது என்ற குறிப்பும் ஒளிந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறோம். சாகும் வயதிலுமா சாதி?

இளையோரின் வருகை இன்னொரு வேடிக்கை. பிறந்தநாளில் ஒரு வேளை உணவு; திதியில் ஒரு வேளை உணவு. வரிசையாக உட்காரவைத்துப் படம்பிடித்துக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றனர். நாற்பது முறை கைகூப்பிய கிழவிக்கு வந்தவர் பெயர் தெரியாது. வந்தவருக்கு அவர் பெயர் தெரியாது. மின்விளக்கின் கீழ் மீண்டும் கஞ்சித் தொட்டி! இதற்கு மாற்றாக அரசே ஒரு நல்ல வழியைக் கண்டது. திக்கற்ற முதியவர் 25 பேரும் ஆதரவற்ற பிள்ளைகள் 25 பேரும் ஒரே வளாகத்தில் வாழும் ஒருங்கிணைந்த இல்லங்கள். பேரன் இல்லாப் பாட்டிக்குப் பேரன், பாட்டி இல்லாப் பேரனுக்குப் பாட்டி. ஐஸ் ஹவுசுச் சித்தியை அரசு படித்ததோ இல்லையோ, அவர் வழியிலே நடந்திருக்கிறது.

நாமும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை, சனிக்கிழமைதோறும், பள்ளிக்கு அருகிலுள்ள இல்லம் ஒன்றுக்கு அழைத்துச் செல்கிறோம். உணவு கொண்டுபோவதில்லை, குறிப்பேடு கொண்டுபோகிறோம். 1967-இல் அண்ணாவின் ஆட்சி சென்னையில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கியது என்பது நம் பாடம். அந்த வரிசையிலே இடுப்பில் குழந்தையோடு நின்ற பாட்டி ஒருவர் அங்கே இருக்கிறார். வரிசை எவ்வளவு நீளம், அரிசி எந்த நிறம், வீட்டுக்குப் போய் வடித்த சோற்றை யார் முதலில் உண்டது — எல்லாம் சொன்னார். எழுதிக்கொண்டே வந்த சிறுமி தலைநிமிர்ந்து, "பாட்டி, படின்னா எவ்வளவு?" என்றாள்.

பாட்டி இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினார். அடுத்த வாரம் அவள் தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய படியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இது பட்டணம் படி இல்லைடி கண்ணு, சின்னப் படி" என்றார் பாட்டி. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், "யார் சொன்னது? இதுதான் பட்டணம் படி" என்று எழுந்து உட்கார்ந்தார். வழக்கு இன்னும் தீரவில்லை. வரும் சனிக்கிழமை மற்றொரு மாணவன் தன் ஆத்தாவின் படியைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.