ஆட்சி மாறினால் எரிசக்திக் கொள்கை மாறுமா?



புதிய அரசு வந்தால் நாட்டின் எரிசக்திக் கொள்கை தலைகீழாகிவிடுமா என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். வரலாற்று ஆசிரியனிடம் கேட்டால் பழங்கதைதான் கிடைக்கும். அமெரிக்காவின் கதை ஒன்று சொல்கிறேன்.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தபோது, அங்கே பெட்ரோல் பங்க்குகளில் கார்கள் வரிசைகட்டி நின்றன. 1977-ல் அதிபரான ஜிம்மி கார்ட்டர், பதவியேற்ற இரண்டே வாரத்தில் கம்பளி ஸ்வெட்டரோடு தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டுச் சூட்டைக் குறைத்து வையுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். அவ்வாண்டே எரிசக்திக்கெனத் தனித் துறை அமைத்தார். சிறு உற்பத்தியாளர் தரும் மின்சாரத்தை மின் நிறுவனங்கள் வாங்கியாக வேண்டும் என்று 1978-ல் சட்டம் வந்தது. 1979-ல் வெள்ளை மாளிகைக் கூரையில் வெந்நீருக்காக 32 சூரியத் தகடுகள் ஏறின.

1981 ஜனவரி 20-ல் ரொனால்டு ரீகன் பதவியேற்றார். விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்பது அவர் கட்சி. 28-ஆம் தேதியே எண்ணெய் மீது மிச்சமிருந்த விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார். அந்தத் தளர்வைப் படிப்படியாகத் தொடங்கி வைத்தவர் கார்ட்டர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சூரிய ஆராய்ச்சிக்கான நிதி பெருமளவு வெட்டப்பட்டது. வீட்டில் சூரியக் கருவி வைப்போருக்கான வரிச் சலுகை 1985-உடன் முடிந்தது. 1986-ல் கூரையைப் பழுதுபார்க்க இறக்கிய தகடுகள் மறுபடி ஏறவில்லை. எண்ணெய் விலையும் அப்போது சரிந்துவிட்டதால் கேட்பாரும் இல்லை.

ஆனால் எரிசக்தித் துறையையே கலைப்பேன் என்று சொல்லி வந்த ரீகனால் அதைச் செய்ய முடியவில்லை. அதற்கு நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும், அது கிடைக்கவில்லை. 1978-ஆம் ஆண்டுச் சட்டமும் நிலைத்தது. அதன் துணையாலும் வரிச் சலுகைகளாலும், ரீகன் காலத்திலேயே கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாயில் காற்றாலைகள் வரிசையாக எழுந்தன.

ஆகவே பிள்ளைகளே, எந்த நாட்டில் புது அரசு வந்தாலும் மேடைப் பேச்சை மட்டும் கேட்டு மகிழவோ அஞ்சவோ வேண்டாம். பட்ஜெட்டில் எதற்குப் பணம் குறைகிறது, எந்தச் சட்டம் திருத்தப்படுகிறது என்று பாருங்கள். ஆணையை ஒரே நாளில் மாற்றலாம், சட்டத்தை மாற்ற நாளாகும். ஆராய்ச்சியில் விட்டுப்போன ஆண்டுகளை மட்டும் அடுத்து வரும் அரசாலும் மீட்டுத் தர முடியாது.