சேரிக்குள் வந்த பள்ளிக்கூடம்

சென்னைப் பட்டணத்தின் சேரிகளிலும் குப்பங்களிலும் பள்ளிக்கூடம் எவ்வாறு தோன்றிற்று என்னும் வரலாறு, பெரும்பாலும் அவற்றை ஸ்தாபித்த பெரியோர்களின் ஜீவிய சரித்திரமாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. பணம் கொடுத்தவர் பெயரும், கட்டடத்துக்கு அஸ்திவாரமிட்டவர் பெயரும் கல்லில் நிலைத்திருக்க, பள்ளி வேண்டுமென்று மனுவெழுதியும் சபைகளில் எழுந்து நின்று வாதாடியும் அதனைக் கேட்டுப் பெற்ற ஜனங்களின் பெயர்கள் மறைந்து போயின. எளாவூர், ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம் என்று பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்து வாழும் நமக்கு இவ்வரலாறு அயலாருடைய கதையன்று. நம்முடைய பிரதேசம் செங்கற்பட்டு ஜில்லாவின் பொன்னேரித் தாலுக்காவாக இருந்த காலத்தில், அந்த ஜில்லாவின் ஏழைகளைப் பற்றி எழுந்த விசாரணையே இதன் ஓர் ஊற்றுக்கண்.

எழும்பூரிலிருந்த ஆண்பிள்ளை அநாதாசிரமத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்த் திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் ஆசிரமத்தில் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு இளைய மாணவருக்குப் போதிக்கும் முறையையும் வகுத்து, 1797இல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று பெயர்பெற்ற அம்முறையால் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் எழுத்தறிந்தனர். ஆயினும் அம்முறைக்கு வித்திட்ட திண்ணைகளில், அதே சென்னையில் அன்று பஞ்சமர் எனப்பட்ட தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர்களுக்கு இடமில்லை.

1854ஆம் ஆண்டின் கல்விச் சாசனம் தனியார் பள்ளிகளுக்குச் சர்க்கார் மானியம் வழங்கும் வழியைத் திறந்தது. பரீட்சையில் எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அத்தனைக்குத் தக்கபடி மானியம் என்ற விதி பின்னர் வந்து சேர்ந்தது. அன்றாடக் கூலிக்குப் பெற்றோருடன் செல்லும் பிள்ளைகள் பயிலும் பள்ளியை அவ்விதி மிகவும் வருத்தியது. ஆஜரும் தேர்ச்சியும் குறைவாயுள்ள இடத்தில் மானியம் சுருங்கும். மானியம் சுருங்கினால் உபாத்தியாயர் விலகிப் போவார். உபாத்தியாயரில்லாத பள்ளியில் தேர்ச்சி எங்கிருந்து வரும்? பின்னாளில் வைஸ்ராய் கர்ஸன் பிரபுவின் காலத்தில் இவ்விதி கைவிடப்பட்டது நியாயமே.

அதற்கு முன்பே, 1892ஆம் ஆண்டு சென்னை மகாஜன சபையின் கூட்டமொன்றில், ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவரான பண்டிதர் அயோத்திதாசர் எழுந்து நின்றார். சிவாலயத்திலும் விஷ்ணு ஆலயத்திலும் தம் மக்கள் பிரவேசிக்க ஏன் தடை என்று அவர் வினவியபோது, சபையில் எதிர்ப்பு மூண்டது என்றும், உங்கள் தெய்வங்கள் வேறு என்ற பாவனையில் மறுமொழி கூறப்பட்டது என்றும் பிற்காலத்தில் தம் ‘தமிழன்’ பத்திரிகையில் அவரே எழுதியிருக்கிறார். அவமதிப்பை விழுங்கிக்கொண்டு அவர் அடுத்து வைத்த கோரிக்கைகள் இரண்டு: நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி, பயிரிடத் தரிசு நிலம். சபை அவற்றை ஏற்றுக்கொண்டது. கோயில் வாசலில் மறுக்கப்பட்ட ஒருவர், மனம் கசந்து வெளியேறாமல், குழந்தைகளின் சிலேட்டுக்காகவும் உழுவதற்கான மண்ணுக்காகவும் நின்று வாதாடினாரே, அந்த நெஞ்சுரத்தை நம் கல்வி வரலாற்றின் முதற்பக்கத்தில் எழுதவேண்டுமென்று நான் கருதுகிறேன்.

ஏறக்குறைய அதே காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டர் டிரமன்ஹீர், தம் ஜில்லாவின் பறையர் குடிகள் குடியிருக்கும் மனைக்கும் உரிமையற்றுக் கடனிலும் அடிமைத்தனத்திலும் உழல்வதை விவரித்து ஓர் அறிக்கை அனுப்பினார். 1892இல் நிலம் வழங்கும் உத்தரவும், 1893இல் பஞ்சமர் கல்விக்கான தனி உத்தரவும் பிறந்தன. சேரிகளிலேயே பள்ளி திறப்பதற்கு அதிகப்படி மானியம், ஆசிரியப் பயிற்சி பெறும் பஞ்சம மாணவருக்கு உபகாரச் சம்பளம் முதலிய ஏற்பாடுகள் அதில் அடங்கியிருந்தன. அவற்றுள் ஆசிரியப் பயிற்சிக்கான ஏற்பாடே மிக முக்கியமானது. அச்சமின்றிப் பிள்ளைகள் அருகே சென்று உட்காரக்கூடிய வாத்தியார் அந்தச் சேரியிலிருந்தே தோன்றவேண்டியிருந்தது. ஆயிரம் விளக்குப் பகுதியில் இத்தகைய பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்திய ஜான் ரத்தினம் அவர்கள், அயோத்திதாசரின் தோழர்; ‘திராவிட பாண்டியன்’ பத்திரிகையில் அவருடன் சேர்ந்து உழைத்தவர்.

இவ்வளவும் நிகழ்ந்த பின்னரே கர்னல் ஆல்காட் வருகிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றியவரும், பிரம்மஞான சங்கத்தின் தலைவருமான அவர், 1894இல் அடையாற்றுக்குத் தெற்கே ஊரூரில் பஞ்சமப் பிள்ளைகளுக்கு ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். தொடர்ந்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. மதபோதனை இல்லை, மதம் மாற்றும் நோக்கமும் இல்லை. தமிழ் வாசிப்பு, எழுத்து, கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம், சமையல், தையல் என்பன பாடங்கள். இப்பள்ளிகளில் பணியாற்றிய கோர்ட்ரைட் அம்மையார், குழந்தைகளுக்கு விளையாட்டும் பாட்டுமாகக் கற்பிக்கும் கிண்டர்கார்ட்டன் முறையை அவற்றில் புகுத்தினார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்நாளில் அது எளிதில் வாய்க்காத பாக்கியம்.

ஆல்காட்டின் கருணை மெய்யானது. ஆயினும் அவருடைய லட்சியம் குறுகியது என்பதையும் சொல்லவேண்டும். தம் மாணவர் பட்டதாரிகளாகவேண்டுமென்று அவர் எண்ணவில்லை. பிழைக்கத் தெரிந்த, ஏமாறாத, சுத்தமான குடிகளாக வேண்டுமென்றே எண்ணினார். அவருக்குப் பின் பிரம்மஞான சங்கத்தின் தலைவரான அன்னி பெசன்ட் அம்மையாரோ, 1909இல், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளுடன் ஒரே பள்ளியில் உட்கார வைப்பது தகாது என்று எழுதினார்; அயோத்திதாசர் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். பரங்கிமலையில் பிறந்து, பள்ளி உபாத்தியாயராக வாழ்க்கையைத் தொடங்கி, பாடநூல்கள் இயற்றி, சட்டசபையில் அமர்ந்த எம்.சி.ராஜாவின் வாழ்வே அந்தக் குறுகிய மதிப்பீட்டுக்குப் போதிய மறுப்பு.

பள்ளி வந்துவிட்டாலும் பசி போய்விடுவதில்லை. சர் பிட்டி தியாகராய செட்டியார் தலைவராயிருந்த சென்னை நகராட்சி மன்றம், 1920 செப்டம்பரில் ஆயிரம் விளக்கு நகராட்சிப் பள்ளியின் மாணவர்களுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகள் சேர்க்கப்பட்டன. 1922-23இல் 811 ஆக இருந்த ஐந்து பள்ளிகளின் மாணவர் தொகை, 1924-25இல் 1,671 ஆயிற்று. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவிடக்கூடாதென்று சர்க்கார் தடுத்ததால், 1925 ஏப்ரல் முதல் தேதியோடு சிற்றுண்டி நின்றது. பிள்ளைகளின் தொகை இரட்டித்த கணக்கு கண்ணெதிரே இருக்கவும், விதியைக் காட்டி அதை நிறுத்திய செயலை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதைக்கிறது. நின்றுபோன அத்தர்மம் காமராசர் காலத்தில், 1956இல், எட்டயபுரத்தில் தொடங்கி மாநிலத் திட்டமாகத் தழைத்தது.

பலனைக் கொண்டு பள்ளியை அளக்கும் வழக்கம் நம் காலத்தில் வேறு நாட்டிலும் தோன்றியிருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணம் 1991இல் ஒரு சட்டம் இயற்றி, ஆசிரியர்களே பொதுப்பணத்தைக் கொண்டு தாமே நிர்வகிக்கும் பள்ளிகளைத் திறக்க அனுமதித்தது. மறுவருஷம் செயின்ட் பால் நகரில் அவ்வகையில் முதற்பள்ளி தோன்றியது. சார்ட்டர் பள்ளிகள் எனப்படும் இவை அந்நாட்டின் வறிய நகரப் பகுதிகளில் பின்னர் பரவின. பலன் காட்டாத பள்ளியின் அனுமதியை ரத்து செய்யலாம் என்பது அங்கே விதி. தேர்ச்சிக்கேற்ற மானியத்தை அனுபவித்துக் கண்ட சென்னை ராஜதானியின் வரலாறு, அவ்விதியைக் கையாள்வோருக்கு ஓர் எச்சரிக்கையாகும். பலனை அளக்குமுன் பிள்ளையின் வயிறும், வீட்டின் வருமானமும், வாத்தியாரின் சம்பளமும் கவனிக்கப்படவேண்டும்.

ஊரூரில் பிறந்த பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளியாக இன்றும் இலவசமாகக் கற்பித்து வருகிறது. அதனையடுத்த கடற்கரை மீனவர் ஊர், ஊரூர் ஆல்காட் குப்பம் என்று வழங்குகிறது. வெளியூரார் ஒருவரின் பெயரை வலை வீசும் ஜனங்கள் தங்கள் ஊர்ப்பெயரோடு சேர்த்துக்கொண்டது பெருந்தன்மை. ஊரூருக்கு வெளியே, மற்ற ஊர்களில், 1920க்குப் பின் தொழிலாளர் இலாகா திறந்த ‘லேபர் பள்ளிக்கூடங்களே’ ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு முன்னோடி. ஏரியைச் சுற்றியுள்ள நம் கிராமங்களிலும் பழைய ஆரம்பப் பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடுகளும் ஆசிரியர் வருகைப் பதிவேடுகளும் இருக்கக்கூடும். முதன்முதலாக எந்தக் குடும்பத்துப் பிள்ளை சேர்ந்தது, எந்த வாத்தியார் வந்து தங்கிக் கற்பித்தார் என்பதற்கு அவற்றைவிட வேறு சாட்சியில்லை. தலைமையாசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் அவற்றைக் கறையானுக்கும் ஈரத்துக்கும் விட்டுவிடாமல் பிரதியெடுத்துப் பாதுகாக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.